உனக்கு ஏஜென்ட் கிடைத்துவிட்டார், அமலா

என் அமலாக்குட்டிக்கு,

உனக்கு ஏஜென்ட் கிடைத்துவிட்டார். பூனாவில் இருக்கிற ஒரு அம்மாள். போன வாரம் ரயிலேறி நம் வீட்டுக்கே வந்தார். நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பியவள், "ஏய், பாத்தியாடி!" என்று சொல்ல வாயெடுத்தேன். நீ போய் இரண்டு வருஷமாகியும் வீட்டில் எது நடந்தாலும் முதலில் உன் பக்கம்தான் திரும்புகிறேன். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்கிறேன் என்று கோபிக்காதே. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் நீ யாரென்று தெரிய வேண்டும் இல்லையா?

நாம் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். நைனா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். கல்தூள் அவர் நெஞ்சில் தங்கி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெங்களூருக்கு வந்து மர்பி டவுனில் குடியேறினோம். வந்த கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். நான் சிவாஜிநகரில் ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ படித்தாய்; அல்சூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாய்.

ஆகி, எழுதினாய். கான்வென்ட் கொடுத்த இங்கிலீஷில் எழுதினாய். ஒன்று நாவல்: குழிக்குள் இறங்கிய புருஷன் மேலே வராமல் போன ஒருத்தியின் கதை. இன்னொன்று சின்னப் பிள்ளைகளுக்கு: பட்டாணி என்ற ஆட்டுக்குட்டி சயனைட் மேட்டில் ஏறிச் சறுக்கி விளையாடுகிற கதை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிய மேடுகள் அவை. பெரியவர்கள் எவ்வளவு திட்டினாலும் நாமும் அதில் சறுக்கியவர்கள்தான். உன் நாவலில் அந்தப் பெண் நின்று அழுவதும் அதே மேட்டின் அடியில்தான். இரண்டையும் நான்தான் டைப் அடித்தேன். ஒரு பக்கத்தில் அழுதுகொண்டும் ஒரு பக்கத்தில் சிரித்துக்கொண்டும் அடித்தேன்.

ஏஜென்ட் என்ற சொல்லை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் கறி கழுவிக்கொண்டிருந்தேன். பதிப்பகங்களுக்கு அனுப்பிய கட்டுகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம்.

"அக்கா, நேரா அனுப்பினா யாரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்களாம். நடுவுல ஒரு ஏஜென்ட் வேணுமாம்."

"ஏஜென்ட்டா? இன்சூரன்ஸ் போடச் சொல்லி வருவாங்களே, அந்த மாதிரியா?"

நைனா இருமலை அடக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து கேட்டார்: "வீடு பாத்துக் குடுக்கறவன்தான ஏஜென்ட்டு? நமக்கு இன்னாத்துக்கும்மா வேற வீடு? இதுவே போதும்."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "வீடுதான் நைனா. என் புஸ்தகத்துக்கு வீடு பாத்துக் குடுக்கறவங்க."

நூலகத்தில் ஏதோ ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி முகவரிகள் எழுதிக்கொண்டு வந்தாய். லண்டனில் சிலர், தில்லியில் ஓரிருவர். கடிதம், கதைச் சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள், பதில் போட நம் விலாசம் எழுதிய உறை என்று சேர்த்துச் சேர்த்து அனுப்பினோம். வந்த பதில்கள் எல்லாம் மரியாதையாகத்தான் இருந்தன. நாங்கள் பெரியவர்களுக்கான புத்தகங்கள் மட்டுமே பார்க்கிறோம் என்றார் ஒருவர். சிறுவர் புத்தகங்கள் மட்டுமே என்றார் இன்னொருவர். யானை, புலி வருகிற கதை இருந்தால் அனுப்புங்கள் என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, "ஆட்டுக்குட்டிக்குக் கோடு போட்டுட்டா புலியாயிடுமா?" என்று கேட்டாய்.

"ஏதாவது ஒண்ண மட்டும் அனுப்பேன்டி. இன்னொண்ண அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன் நான்.

"காலைல சின்னப் புள்ளைங்களோட இருக்கேன். சாயங்காலம் நைனாவோட இருக்கேன். இதுல எதைக்கா விடச் சொல்றாங்க?"

நான் அடுத்த உறையை எடுத்து விலாசம் எழுத ஆரம்பித்தேன்.

பிறகு தில்லியிலிருந்து அந்த மேடம் எழுதினார். நாவலை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். வேறு வேலையாகப் பெங்களூருக்கு வந்தபோது எம்.ஜி. ரோட்டில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கடைசிவரை நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாய்.

"உங்கள் நாவல் என்னைத் தூங்க விடவில்லை" என்று ஆரம்பித்தார். உன் முகத்தை நான் பார்த்தேன். அப்புறம் சொன்னார்: "ஆனால் அந்த ஆட்டுக்குட்டியை விட்டுவிடுங்கள். முதல் புத்தகத்திலேயே இவர் யாருக்கு எழுதுகிறார் என்ற குழப்பம் வரக் கூடாது."

நீ கோப்பையைத் தள்ளிவைத்தாய். சொல்லிவிட்டாய். "ரெண்டையும் எழுதினது ஒருத்திதான் மேடம். ரெண்டையும் எடுத்துக்கறவங்கதான் எனக்கு வேணும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார். பஸ்ஸில் திரும்பும்போது என் கையை விடவே இல்லை நீ. "தப்பு பண்ணிட்டேனாக்கா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் அமலா? நம் ஸ்டாப் வந்து இறங்கியது ஞாபகமிருக்கிறது. வழியில் மல்லிகைப்பூ வாங்கியது ஞாபகமிருக்கிறது. உனக்குப் பதில் சொன்னேனா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அந்த மாதத்திலேயே ஒரு நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாய். மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாய். மதியம் பிள்ளைகளுக்குப் பட்டாணி கதை சொல்லியிருக்கிறாய். ஆட்டுக்குட்டி மேட்டிலிருந்து சறுக்கி விழும் இடத்தில் நீயும் கூடவே சறுக்கி விழுந்து காட்டுவாய் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அன்றைக்கும் நீ கரும்பலகையில் முதுகு சாய்ந்து அப்படியே சறுக்கிக் கீழே உட்கார்ந்தபோது வகுப்பே கைதட்டிச் சிரித்திருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் வந்து பார்த்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் போய்ச் சேரும்போது உன் புடவை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

உன் காதில் கடைசியாக விழுந்தது பிள்ளைகளின் சிரிப்பு. அதை நினைத்து ஆறுதல் அடையச் சொன்னார் பாதிரியார். ஆறுதல் என்பது எப்படி வரும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

உன்னை அடக்கம் செய்து நான் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். கடைக்கு போன் வந்தது. தில்லி மேடம். சந்தோஷமாகப் பேசினார். "அமலாவிடம் சொல்லுங்கள், அவர் ஜெயித்துவிட்டார். இரண்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன்."

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். கடையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. "ஹலோ? ஹலோ?" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் முதலாளி ரிசீவரை வாங்கி விஷயத்தைச் சொன்னார்.

அந்த மேடமும் அழுதார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் சில மாதம் கழித்து மறுபடி பேசியபோது தயங்கித் தயங்கிச் சொன்னார். இது முதல் புத்தகம். எழுதியவர் உயிரோடு இல்லை. அடுத்து என்ன எழுதுகிறார் என்றுதான் பதிப்பாளர்கள் முதலில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மிஸ் ரோஸி, ஒவ்வொரு வார்த்தையையும் டைப் அடித்தவர் நீங்கள். உங்கள் குடும்பக் கதை, உங்கள் ஊர். உங்கள் பெயரில் வரட்டுமே. உயிரோடிருப்பவர் பெயர் என்றால் என்னால் ஒரு பதிப்பகம் பிடித்துக் கொடுக்க முடியும். புத்தகம் பிழைத்துக்கொள்ளும்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை அமலா. புத்தகம் பிழைத்துக்கொள்ளும் என்ற சொல் மட்டும் நெஞ்சில் குத்தியது. என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன்: "மேடம், என் தங்கச்சி ஒரு தடவை செத்துட்டா. இன்னொரு தடவை என் கையால சாகடிக்க முடியாது."

 பிறகு, "நீங்கள் சொல்வது சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நானே தேட ஆரம்பித்தேன். இப்போது ஊரெல்லாம் இன்டர்நெட் கடை. வேலை முடிந்து அங்கே உட்கார்ந்து, நீ எழுதிய பழைய கடிதத்தையே வைத்துக்கொண்டு அனுப்பினேன். ஒரு சிக்கல் வந்தது. 'அமலா பெங்களூரில் ஆசிரியராக இருக்கிறார்' என்று நீ எழுதியிருந்தாய். அதை 'இருந்தார்' என்று மாற்ற வேண்டும். இங்கிலீஷில் மிகச் சின்ன வார்த்தை அது. என் விரல் ஒவ்வொரு முறையும் பழையபடியே அடித்துவிடும். அழித்துவிட்டு மறுபடி அடிப்பேன். நீ இறந்துபோன விஷயத்தை முதல் பத்தியில் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்றும் தெரியவில்லை. முதலில் சொன்னால் மேற்கொண்டு படிப்பதில்லை. கடைசியில் சொன்னால் ஏமாற்றியதுபோல் இருக்கிறது. யாரிடம் கேட்பது இதையெல்லாம்? உன்னைத்தான் கேட்டிருப்பேன்.

பூனா அம்மாள் கடைக்கு போன் செய்தது ஒரு மழை நாளில். எடுத்தவுடன் அவர் கேட்டது இதுதான்: "நீங்கள் பாதிக் கதைதான் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஆட்டுக்குட்டி வீட்டுக்குத் திரும்பியதா இல்லையா?"

உன்னைப் பற்றியோ, அடுத்த புத்தகம் பற்றியோ அவர் கேட்கவில்லை. கடையில் அத்தனை பேர் முன்னால் நின்று நான் கதையின் மீதியைச் சொன்னேன். குழி வாசலில் சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் கால்களுக்கு நடுவே பட்டாணி தன் ஆளைத் தேடுவதைச் சொன்னேன்.  "ரெண்டு புத்தகத்தையும் முழுசா அனுப்புங்க. நான் ரெண்டு மாதிரியும் பாக்கறவதான்" என்றார் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து.

வீட்டுக்கு வந்தபோது ஒளிவுமறைவில்லாமல் பேசினார். குழந்தைக் கதைக்கு ஒரு பதிப்பகம் சம்மதித்திருக்கிறது, படங்களோடு வரும். நாவல் இரண்டு இடத்திலிருந்து திரும்பிவிட்டது. இன்னும் பல இடத்திலிருந்து திரும்பலாம், வராமலே போகவும் கூடும். "பொய்யா நம்பிக்கை குடுக்க மாட்டேன்" என்றார். ஒப்பந்தத்தில் ஆசிரியர் என்று அச்சடித்த இடத்தில் உன் பெயர். அதன் கீழே, வாரிசு என்ற இடத்தில், நைனாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது போட்டிருக்க வேண்டிய கையெழுத்து அது. உன்னைவிட மூத்தவள் நான் போட்டேன்.

எதையும் விடமாட்டேன் என்று சொன்னாயே அமலா. இப்போது ஒன்று முன்னால் போகிறது, ஒன்று பின்தங்கி நிற்கிறது. இது உனக்குச் சம்மதமா? கேட்கத்தான் முடிகிறது.

ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நைனாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். பார்க்க வந்த பழைய ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் உன் நாவலை எடுத்து, காலையில் வேலைக்குப் போகுமுன் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்பார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்றுகூடத் தெரியாது.

நேற்று, அந்தப் பெண்ணின் புருஷன் கூண்டு லிப்டில் குழிக்குள் இறங்குகிற அத்தியாயம். கீழே போகப் போக உடம்பில் சூடு ஏறுவது, காது அடைப்பது, மேலே இருக்கிற வெளிச்சம் ஒரு பொட்டாகச் சிறுத்து அணைவது என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த இடம். நைனா சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினார்.

"இத்த யாரு சொன்னது அவகிட்ட?"

"யாரும் சொல்லல நைனா. நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்களே."

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கண்ணில் தண்ணீர் நிறைந்து காதுப் பக்கமாக ஓடியது. "அங்க நான் தனியாத்தான் இருந்தேன்னு நெனச்சிருந்தேன் ரோஸி" என்றார். "எம்புள்ள கூடவே எறங்கி வந்திருக்கா."

பிறகு, "மேல சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். கடைக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை. மத்தியானம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமலா, உன் நாவல் எத்தனை முறை திரும்பி வந்தாலும் புதுத்தாள் போட்டு மறுபடி அடித்து அனுப்புவேன். பூனா அம்மாள் களைத்துப்போனால் இன்னொருவரைத் தேடுவேன். முதல் பக்கத்தில் உன் பெயர் மட்டும்தான் இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்கு அப்புறமும் இருக்கிற
உன் அக்கா,
ரோஸி
மர்பி டவுன், பெங்களூர்