கிணற்று நீரில் நீலம்

17 செப்டம்பர் 1998, கிள்ளான்

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்துகொண்டிருக்கும் வடிதாள், சிலந்தி இழையைவிட மெல்லிய இழைகளால் ஆனது. சாயத் தொழிற்சாலைக் கழிவுநீரை ஊற்றினால் சாயம் தாளில் தங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நீர் வேண்டுமென்று இன்று எங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுபோனேன்.

மாலைக்குள் தாள் நீலமாகிவிட்டது.

"தாள மாத்திப் போட்டுட்டீங்களா அண்ணே?" என்றான் உடன் வேலை பார்க்கும் செல்வம்.

"இல்ல லா."

புதுத் தாள் போட்டோம். அதுவும் நீலமானது. குவளையில் அதே நீர் பளிங்குபோல் இருந்தது; கண்ணுக்குத் தெரியாத அளவில் சாயம் அதில் கரைந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவி கமலாவிடம் சொன்னேன். அவளுக்கு இது எட்டாம் மாதம்.

"அதானா? நான் நீலமே போடறதில்லைங்க. ஆனா வெள்ளத் துணியெல்லாம் துவைக்கத் துவைக்க நீலமாகுது. பளிச்னு இருக்கவும் தண்ணி நல்ல தண்ணின்னு நினைச்சேன்." குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தாள். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்?"

காய்ச்சினால் சாயம் போகாது என்றேன்.

வயிற்றில் கை வைத்தாள். "பிள்ளைக்கும் போயிருக்குமா?"

தெரியவில்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இன்னும் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது.