ஊஞ்சல் வளையத்தின் மேல் வெள்ளிப் பூச்சு

ஏங்க,

பாப்பாவின் பள்ளிச் சட்டையில் தோளில் மட்டும் பழுப்புக் கறை ஏன் படிகிறது என்று புரியாமல்தானே நேற்று உங்களிடம் கேட்டேன். "மழையா இருக்கும். போய் சோப்பு போட்டுத் தேய்" என்றீர்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

இன்று காலை மாடி ஊஞ்சலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். சங்கிலி மாட்டும் வளையத்திலிருந்து என் தோளிலும் ஒரு பழுப்புச் சொட்டு விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, ஊஞ்சல் சட்டத்தின் மேல் குழாயில் வளையத்தைச் சுற்றியிருந்த வெள்ளிப் பூச்சைத் திருப்புளியால் சுரண்டினேன். வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோலத் திருப்புளி குழாய்க்குள் இறங்கிவிட்டது. நேற்று பாப்பா இந்த ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடினாளே.

நீங்கள் வாங்கிய குழாயில் குறையில்லை. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு அது. துத்தநாகம் தன்னை அரிக்கவிட்டு இரும்பைக் காக்கும். மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இருக்கிறது. வளையத்தை மட்டும் நம் வாசலில் வைத்துப் பற்றவைத்தோம் இல்லையா? அந்தச் சூட்டில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கிறது. மேலே இருப்பது வெறும் பெயிண்ட்.

ஊஞ்சலைக் கழற்றிப் பீரோவில் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். அவள் அழுதாலும் மாடிக்கு விடாதீர்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.

ஓரத்தில் இடுக்கி எழுதுகிறேன்: வெல்டிங்காரர் மாலை வருவார். அவரிடம் சண்டை வேண்டாம், அவசரப்படுத்தியது நாம்தான். இப்படிச் சொல்லுங்கள்: புதுச் சட்டத்தை வெட்டி, துளையிட்டு, வளையத்தையும் பற்றவைத்து முடித்த பிறகே மொத்தமாகத் துத்தநாகத்தில் முக்க வேண்டும்.