பேட்டரிக்குச் சுனைத் தண்ணீர்

இன்று காலை இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் பேட்டரி மூடிகளைத் திருகித் திறந்தார். தொண்டையை அரிக்கும் அந்த ஆசிட் நெடி கூடமெல்லாம் பரவியது. டிஸ்டில்டு வாட்டர் கொண்டுவர மறந்துவிட்டாராம், குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றிவிடவா என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில் மனிதர் புனலைக் கீழே போட்டுவிட்டார். இந்த வயதில் இப்படியா கத்துவது என்று மருமகள் கோபித்துக்கொண்டாள். நான் கத்தியது உன்னைப் பார்த்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். திட்டாமல் என்ன செய்ய? உயிரோடு இருந்தபோதுதான் உன்னோடு பேசவே இல்லையே.

அறுபதுகளில், அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ஊர் ஊராகப் போய்க் கண் ஆபரேஷன் செய்த முகாமில் நீ ஜீப் டிரைவர், நான் கம்பவுண்டர். ஜீப்புக்குப் பின்னால் தகரக் கூண்டு வைத்த டிரெய்லர். நம் இருவருக்கும் அதுதான் வீடு. இரண்டு மடக்குக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, கட்டிலுக்கு அடியில் நாலு பெரிய பேட்டரி. சீயமங்கலமோ மேல்மலையனூரோ, எங்கே போய் இறங்கினாலும் ஆபரேஷன் விளக்கு அந்த நாலில்தான் எரியும். அவை கார் பேட்டரி மாதிரி இல்லை. நாள் பூராவும் உழைத்து சார்ஜ் இறங்கி, மறுபடி நிதானமாக ஏறவேண்டியவை. முகாம் முடிந்ததும் செஞ்சிக்கு வந்து ரைஸ்மில்லின் பின்பக்கம் டிரெய்லரை நிறுத்தி, மில் கரண்டில் சார்ஜ் போடுவாய். கதவைத் திறந்துவைத்து, மூடிகளைக் கழற்றி, அமிலத்தில் குமிழி வருவதைப் பார்த்தபடி பீடிகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பாய். அந்தப் பொறுமையை நம்பித்தானே நான் கெட்டேன்.

டாக்டர் வைத்த விதி ஒன்று இருந்தது. முகாம் காலையில் ஒருவன் கண்ணாடிக் குழாயை அமிலத்தில் விட்டு, சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கிராவிட்டி எண்ணைப் படித்துச் சொல்லவேண்டும். இன்னொருவன் தன் கண்ணாலும் பார்த்துவிட்டு அதை டிரெய்லர் கதவில் சாக்பீஸால் எழுதவேண்டும். நாலில் ஒன்று ஆயிரத்து இருநூறுக்குக் கீழே நின்றாலும் அவர் அன்றைக்குக் கத்தியைத் தொடமாட்டார்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் திண்டிவனத்திலிருந்து கண்ணாடி ஜாடியில் வரவேண்டும். ஒருமுறை ஜாடியை பஸ்ஸிலேயே உடைத்துவிட்டாய். டாக்டரிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சரி, மறுநாள் இன்னொரு பஸ் ஏறியிருக்கலாமே? என்னிடம் காலி மருந்து பாட்டில்களை வாங்கிக்கொண்டு ராஜகிரி ஏறினாய். அந்த மலையை ஏறி இறங்குகிற நேரத்தில் திண்டிவனம் போய்த் திரும்பியிருக்கலாமடா, மடையா! கோட்டைக்கு மேலே பாறைச் சுனையில் இருக்கிற தண்ணீர் மண்ணையே தொடாதது, அதைவிடச் சுத்தம் உலகத்தில் கிடையாது என்று உனக்கு நினைப்பு. உன்னை மட்டும் சொல்வானேன், செஞ்சியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். குடிக்க அது அமிர்தம்தான். பாறையில் ஊறிய உப்பும் சுண்ணாம்பும் பேட்டரித் தகட்டுக்கு விஷம். மூன்று மாதம் அதையே ஊற்றினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம்தான் சிங்கவரத்தில் முகாம் வந்தது. என் ஊர். என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கத்தி என்றாலே எழுந்து போய்விடுவாள். இரண்டு வருஷம் நான் கெஞ்சியும் மசியாதவளை, மலையனூர் ஆத்தா முகத்தை மறுபடி பார்க்கவேண்டாமா என்று கேட்டு நீதான் சம்மதிக்க வைத்தாய். அன்றைக்குத் தள்ளிப்போனால் இனி வரமாட்டாள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

காலையில் அவளை டிரெய்லர் பக்கத்திலேயே பெஞ்சு போட்டு உட்காரவைத்திருந்தோம். நீ உள்ளே குனிந்து நாலு எண்களையும் சொன்னாய். நாலும் ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு மேல். நான் வெளியே நின்று எழுதினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட அறையில் கறுப்புத்துணி கட்டி ஆபரேஷன். முதல் மூன்று பேருக்கும் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. நாலாவதாக அம்மா. கத்தி கண்ணுக்குள் இருக்கும்போது விளக்கு சிவந்து, மங்கி, அணைந்தது. டார்ச்சைப் பிடித்தவன் நான். அந்த வெளிச்சம் போதவில்லை. டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணைத் தொட அவள் அப்புறம் யாரையும் விடவில்லை.

யார் பார்த்தது, யார் எழுதியது என்று டாக்டர் கேட்டார். "நான்தான் பாத்தேன், நான்தான் எழுதினேன்" என்றாய். அதற்குள் என் கையெழுத்து தெரியாதபடி ஈரத்துணியால் கதவைத் துடைத்தும் வைத்திருந்தாய். நான் பக்கத்தில் ஊமை மாதிரி நின்றேன். உன் வேலை அன்றைக்கே போயிற்று.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சுனைத் தண்ணீர் கதையை அப்போதுதான் என்னிடம் சொன்னாய். "ரெண்டு பேட்டரி ஏறவே இல்லடா. சொன்னா டாக்டர் இன்னிக்கு வேணாம்னுடுவாரு, அம்மா எழுந்து போயிடும். ஒரு மணி நேரம் தாங்கும்னு நெனச்சேன்" என்றாய்.

"இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றேன்.

என் பேச்சை ஒருநாளும் கேட்காதவன், அதை மட்டும் கேட்டாய். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அமாவாசைக்கு அமாவாசை வந்து, அம்மாவைக் கைபிடித்து மலையனூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் வருவதற்குள் போய்விடுவாய். கண்ணைக் கெடுத்தவன் பிள்ளை வேஷம் போடுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அம்மா சாவதற்கு முந்தின வருஷம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். கீரையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு நம்பர் சொல்லசொல்ல அவன் கொரலு ஒரு மாதிரி இறங்கிச்சு. கண்ணு தெரியாத எனக்கே கேட்டுச்சு. நீ அங்கதான நின்ன, உனக்குக் கேக்கல?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் நீ இதே செஞ்சியில் இருந்தாய். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாயே, ஒருதரம் நின்று என் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பழியை ஒண்டியாய்ச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய், பாவி. என் பங்கை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

எனக்கும் கேட்டதடா. கேட்டுத்தான் எழுதினேன்.