நீ தைத்த தறப்பாள் பை

மச்சான்,

நேற்று மட்டக்களப்பில் ஒரு கடைக்காரர் மூன்று பைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். புதிய கமரா வாங்கியிருக்கிறேன். பழைய மடிப்புக் கமராவைவிடப் பெரிது. கூடவே பிளாஷ் விளக்கு, அதற்குப் பற்றரி, இரண்டு லென்ஸ். நீ தைத்துத் தந்த பைக்குள் அத்தனையும் இறங்காது. அதற்காகத்தான் போனேன்.

"புயலே அடிச்சாலும் ஒரு சொட்டு உள்ள போகாது தம்பி, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார் அவர்.

கண்ணை மூடவில்லை. முதலில் மூக்கைத்தான் வைத்தேன். பிறகு மூன்று பைகளையும் உட்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தேன். கடைக்காரரின் சிரிப்பு குறைந்துவிட்டது. "துணி ஒழுகாது மச்சான், ஊசி போன ஓட்டதான் ஒழுகும்" என்று நீ சொல்வதை அவர் கேட்டிருக்க வழியில்லை.

முதலாவது தோல் பை. பார்க்க மாப்பிள்ளை போல இருந்தது. நம்மட ஊர் மார்கழியில் ஒரு கிழமை ஆணியில் தொங்கவிட்டால் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிடும். இரண்டாவது றெக்சீன். வெளித் தண்ணீர் உள்ளே போகாது, சரி. உள்ளே பிடிக்கும் வேர்வை எப்படி வெளியே வரும்? மூன்றாவது கன்வஸ். துணியில் குற்றமில்லை. ஆனால் மூடி வாயைத் தாண்டி நாலு விரல்தான் இறங்கியது. தோள் வாரையும் வாய் விளிம்போடு தைத்து நிறுத்தியிருந்தார்கள். பாரம் ஏறினால் ஒரு நாளைக்கு வார் கையோடு வரும், கமரா ரோட்டில் கிடக்கும். இதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், என் வாய் உனக்குத் தெரியும்தானே.

அளவு பார்க்க உன் பையை மேசையில் கவிழ்த்தேன். கமரா வந்தது, பிலிம் சுருள்கள் வந்தன, கடைசியாக அரிசி முடிப்பு வைக்கும் சின்னப் பையிலிருந்து எண்ணெய்த் தாளில் மடித்த பொட்டலம் ஒன்று விழுந்தது. கடைக்காரர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நெகட்டிவ் போல. படம் அடிச்சுத் தரட்டா?" என்று கேட்டார். நான் பறித்த பறியில் அவர் பயந்துபோனார்.

அது உன் நெகட்டிவ், மச்சான். நீ மௌத்தானதும் எரித்துவிடுவேன் என்று உனக்கு வாக்குத் தந்தது. நீ போய் பதினொரு மாதம் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஊருக்கு வரும் வழியெல்லாம் அது என் நெஞ்சுச் சட்டைப்பையில் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நமக்கு ஒரே வயது. உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, நம்மட வழக்கப்படி நான் உங்கள் வீட்டுக்குக் குடிவந்தேன். நீ உன் பெண்சாதி வீட்டுக்குப் போனாய். நீ விட்டுப்போன அறையில் நான் படம் கழுவும் இருட்டறை வைத்தபோது, உன் உம்மா, என் மாமிதான் சாக்குத் திரையைக் கட்டித் தந்தா. நீ வந்து எட்டிப் பார்த்து, "உம்மா, என்ட அறைக்குள்ள ஹராம வளக்கிறீங்க" என்று கத்தினாய். படம் எடுப்பது பாவம் என்பது உன் கட்சி. உன் கலியாணத்துக்கே நான் கமராவைத் தூக்க நீ விடவில்லை.

ஆனாலும் நான் பைக்காக உன்னிடம்தான் வந்தேன். கல்முனை பஸ்ஸடியில், நெல் லொறிகளை மழைக்கு மூடும் தறப்பாள் தைக்கும் உன் கொட்டிலைவிட மழையைத் தெரிந்த இடம் எது? சம்மாந்துறை மில்லுக்கு நெல் ஏற்றும் லொறிக்காரர்கள் எல்லோரும் உன்னைத் தேடித்தானே வருவார்கள். சைக்கிளில் கமராவைப் பன்புல் பையில் தொங்கவிட்டு ஊர் ஊராகப் போகிறேன், ஒரு மழைக்குத் தாங்காது என்றேன். நீ தாடியைத் தடவிக்கொண்டு, "படம் எடுக்கிற உன்ட பாடு. பை தைக்கிற என்ட தொழில். மறுமையில கேட்டா நான் பையத்தான் காட்டுவன்" என்றாய்.

முதல் பை நாசமாய்ப் போனது நினைவிருக்கிறதா? மழை போகக் கூடாது என்பதற்காக நீ தோணிக்குப் பூசும் சுறா எண்ணெயை மூன்று தரம் பூசிவிட்டாய். சாய்ந்தமருதுக் கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரை மறிக்க வேறு என்ன தோன்றும்! நானும் நல்லதென்று தலையாட்டினேன். அந்த வாசம் நம் இரண்டு பேருக்கும் வாசமாகவே படவில்லை. சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையையும் தோழன்மாரையும் படம் பிடிக்கப் போய், பையைக் கதிரையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வளவுப் பூனையெல்லாம் கதிரையைச் சுற்றி நின்றது. ஒன்று பையை நக்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் உம்மா உள்ளேயிருந்து, "படக்காரன் மீன் மூட்டயோட வந்திரிக்கான் கா!" என்று சத்தம் வைத்தா. அதைவிடப் பெரிய கேடு, எண்ணெய் ஆவி லென்ஸில் படிந்து மாப்பிள்ளையின் முகம் புகைக்குள் நின்றது போல வந்தது.

நான் கோபத்தோடு வந்து பையை உன் முன்னால் எறிந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, "பிழ என்டதான்" என்று சொல்லிக் கத்தரியைக் கையில் எடுத்தாய். உன்னில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டாவது பைக்கு ஆறு நாள் எடுத்தாய். புதுத் தறப்பாள் துணி இரண்டு மடிப்பு. தேன்மெழுகை உருக்கி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, சூட்டோடு தேய்த்தாய். நூலையும் மெழுகில் இழுத்துத்தான் ஊசியில் கோத்தாய். மூடியை ஒரு சாண் இறக்கிவிட்டாய். வாரை மூன்று விரல் அகலத்தில் வெட்டி, பையின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்து தைத்தாய். மார்புக்குக் குறுக்காகப் போட்டால் சைக்கிள் ஓடும்போது முதுகில் இருக்க வேண்டும், படம் எடுக்கும்போது ஒரு இழுவையில் வயிற்றடிக்கு வரவேண்டும் என்று என்னை நிற்கவைத்து நாலு தரம் அளந்தாய். அடிப்பக்கத்துக்கு மட்டும் மூன்றாவது மடிப்புப் போட்டாய். "மழ மேலாலதான் வரும் எண்டு நினைக்காத. சைக்கிள் சில்லு கீழாலயும் அடிக்கும்."

சண்டை வந்தது மூடிக்குக் கீழே நீ இரண்டு ஓட்டை குத்தியபோது. தண்ணீர் போகாத பை கேட்டால் ஓட்டை போடுகிறாயே என்று நான் கத்தினேன். நீ விடவில்லை. நெல்லை இறுக்கி மூடிக் கட்டினால் லொறிக்குள்ளேயே வேர்த்து முளைத்துவிடும், மூச்சு விட ஒரு இடம் வேண்டும் என்றாய். நமக்குப் பகல் சோறு கொண்டுவந்து பீங்கான் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்த மாமி, "அப்ப உப்புச் சாடிக்குப் போடுற மாதிரி ஈரம் இழுக்க வறுத்த அரிசி கொஞ்சம் போட்டு வைங்களன்" என்றா. நீ உடனே மிச்சத் துணியில் சின்னப் பை ஒன்று தைத்தாய். உட்பக்கத்துக்கு உன் பழைய மருதமுனைச் சாறனைக் கிழித்துப் போட்டாய், கண்ணாடிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று.

அடுத்த மார்கழியில் மாமிக்கு ஹஜ்ஜுக்குப் போக வழி பிறந்தது. மாமா காலமான நாளிலிருந்து அவ கேட்ட ஒரே துஆ அது. துணைக்கு மகன் போகவேண்டும். நீதான் ஒரே மகன். பெண்களுக்குப் படம் கட்டாயமில்லை, உனக்குப் பாஸ்போட்டுக்குப் படம் கட்டாயம் என்று கடதாசி வேலை பார்த்தவர் சொன்னார். நீ மாட்டேன் என்று நின்றாய். மாமி மூன்று நாள் பகலில் சாப்பிடவில்லை, நோன்பு என்றா. பள்ளிவாசல் ஆலிம் "அவசியத்துக்கு ஆகும்" என்று சொன்ன பிறகுதான் நீ இறங்கினாய். அப்படியும் ஒரு மாதம் சாட்டுச் சொல்லிக் கடத்தினாய்.

படம் அந்தக் கிழமையே கொழும்புக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று கடிதம் வந்தபோது நீ தெற்கே கோமாரி ஊரில் இருந்தாய், கொப்பறாக் கொட்டிலுக்குத் தறப்பாள் போட. மழை விடாமல் பெய்தது. திருக்கோவிலுக்கு அங்கால் பஸ் இல்லை. மாமி என் கையில் வறுத்த அரிசி முடிப்பைத் தந்து, "மகன், அவன் ஒளிச்சாலும் புடிச்சு எடுத்துக்கு வாங்க" என்றா. நான் உன் பையைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்த இடத்தில் இடுப்பளவு நடந்தேன். பையைத் தலைக்கு மேலே தூக்கியிருக்கலாம். ஆனால் கையில் ஊன்றத் தடி இருந்தது. கால் இடறி நானும் பையும் ஒரு கணம் ஒன்றாகத் தாழ்ந்தோம். எழும்பியபோது மூடியால் தண்ணீர் ஊற்றியது. திறந்து பார்க்கப் பயந்து, உள்ளே என்ன ஆனதோ என்று தெரியாமலே மிச்ச வழி நடந்தேன். அவ்வளவு துஆ நான் என் வாழ்க்கையில் ஓதியதில்லை.

நீ என்னைக் கண்டதும், "இந்தத் தண்ணிக்குள்ள ஆரு உன்ன வரச் செல்லின?" என்று ஏசினாய். ஏசிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பையைக் கழற்றினாய். கையைத் துடைத்துவிட்டுத் திறந்தாய். முடிப்பை அவிழ்த்து இரண்டு அரிசியை வாயில் போட்டுக் கடித்தாய். கடக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"காய்ஞ்சுதான் இரிக்கி" என்றாய். உன் முகத்தில் வந்த பெருமையை நான் அப்போதே படம் எடுத்திருக்கவேண்டும்.

வெள்ளைத் தறப்பாள் ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டோம். "ஒரு தரம்தான். ரெண்டாம் தரம் கேட்டா எழும்பிப் போயிருவன். பிஸ்மி செல்லிட்டு அமத்து" என்றாய். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரே ஒரு தரம். லென்ஸில் ஒரு மூச்சு ஆவி படிந்திருந்தாலும் மாமியின் ஹஜ்ஜு அந்த வருடம் இல்லை. பிஸ்மி சொல்லி அமத்தினேன்.

நீ எழும்பி, தொப்பியைக் கழற்றி, என் ஈரத் தோளில் கை வைத்தாய். "அவங்களுக்கு வேணுமான படத்த அடிச்சு அனுப்பு. நெகட்டிவ நீ வெச்சிரி, திரும்பக் கேட்டாலும் கேப்பாங்க. நான் மௌத்தானா எரிச்சிரு. ஆருக்கும் காட்டாத மச்சான்." நான் ஓம் என்றேன். முப்பத்திரண்டு வயது ஆளின் மௌத்துப் பேச்சை யார் பெரிதாக எடுப்பார்கள்?

படம் கண்ணாடி போல வந்தது. மாமியும் நீயும் கப்பலேறிப் போய், ஸம்ஸம் தண்ணீரோடு வந்தீர்கள். அதற்குப் பிறகு அல்லாஹ் உனக்கு ஒன்றரை வருடம்தான் வைத்திருந்தான். நாலு நாள் காய்ச்சல்.

இன்று காலை, சுபஹுக்குப் பிறகு, பொட்டலத்தோடு அடுப்படிக்குப் போனேன். மாமி அடுப்புக்கு முன்னால் இருந்தா. கையில் என்ன என்று கேட்டா. எனக்குப் பொய் வரவில்லை, பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். மன்னித்துக்கொள் மச்சான், ஒரு ஆளுக்குக் காட்டிவிட்டேன்.

மாமி நெகட்டிவை ஓரத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினா. நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகும் என்று அவவுக்குத் தெரியாது.

"இதாரு மகன், வெள்ளத் தாடியோட?"

நான் விளக்கப் போனேன். அதற்குள் அவவுக்கு மூக்கும் கண்ணும் தெரிந்துவிட்டது. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா. கனநேரம் பார்த்தா. பார்த்துப் பார்த்து, மெல்ல, "கிழவனாகியிருந்தா என்ட புள்ள இப்பிடித்தான் இருந்திருப்பான், என்ன?" என்றா.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே உனக்கு ஓம் சொன்ன கதையையும் சொன்னேன். அவ அழவில்லை. "இதக் குடுங்க, நான் வெச்சிக்கிறன்" என்று கேட்பா என்றுதான் நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், உன்னிடம் மறுமையில் ஏச்சு வாங்கியிருப்பேன். ஆனால் அவ என் கையைப் பிடித்து அடுப்பு வாயண்டைக்குக் கொண்டுபோய், "ஓம் எண்டு செல்லினீங்கதானே. போடுங்க" என்றா. போட்டேன். அது ஒரு தரம் சுருண்டது. அவ்வளவுதான்.

அதே நெருப்பில் சட்டியை வைத்து, மாமி ஒரு பிடி அரிசி வறுத்துத் தந்தா. சூடு ஆறுமுன் முடிப்புக் கட்டி, பொட்டலம் இருந்த சின்னப் பையில் வைத்துக்கொண்டேன். கடைக்காரரின் மூன்று பையும் வேண்டாம் மச்சான். உன் பையைப் பிரித்து அளவெடுத்து, புதுக் கமராவுக்கு இன்னொன்று நானே தைக்கப்போகிறேன், மெழுகு வாங்கியாயிற்று. இரண்டு ஓட்டையும் மறக்காமல் குத்துவேன். முடிந்ததும் ஒரு மழையில் நனைத்தெடுத்து, இரண்டு அரிசியை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன்.