சனிக்கிழமை அடுப்பு

மச்சான்,

இன்று காலை, தேயிலை உலர்த்தும் டிரையர் அறையில் புதிதாகச் சேர்ந்தவர் சூடு ஆறாத அடுப்புக் கதவை ஈரச் சாக்கால் துடைத்துவிட்டார். சுர்ரென்று ஆவி எழுந்தது. வெந்த சணலும் சாம்பலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உன் அம்மா ஒருநாள் செய்த அதே வேலையை அவரும் செய்திருக்கிறார் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே ஒரு கடிதத்துக்குப் பதில் போட மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட ஆள்தானே நீ.

தலவாக்கலைக்கு மேலே, தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைகளில் பிறந்தோம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் அடுப்புக்கு விறகு போடப் போனேன். நீ கொழும்புக்குப் போய்ப் பௌதிகம் படித்தாய். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், புத்தகத்தோடு வந்து என் அடுப்புப் பக்கத்தில்தான் உட்காருவாய். படிக்க வருவதாகச் சொல்வாய். குளிருக்குத்தான் வந்தாய் என்பது ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவுக்கும் தெரியும். அவர் கண்டும் காணாததுபோல் போய்விடுவார்.

பட்டம் வாங்கி வந்த வருடம், மேலே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். சீமைக்குப் போய் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாய். எதைப் பற்றி என்றால், செத்துப்போன நட்சத்திரத்தைப் பற்றி என்றாய். எனக்குத் தலை சுற்றியது. விறகு தீர்ந்த அடுப்பைப்போல நட்சத்திரத்துக்கும் ஒருநாள் எரிபொருள் தீர்ந்துவிடும். சாதாரண நட்சத்திரமென்றால் வெளிப்பக்கம் கழன்று போய், உள்பக்கம் மட்டும் சுருங்கி, வெள்ளையாய்ச் சூடாய் நின்றுவிடும். அதற்குப் பிறகு அதற்கு ஆறுவதைத் தவிர வேறு வேலையில்லை என்று விளக்கினாய். கேட்டுவிட்டு நான் இன்னும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்ததால், எனக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் சொன்னாய்.

"நெருப்பு போன பின்னால சூடு எம்புட்டு நேரம் நிக்கும்னு பாக்குற வேல மச்சான்."

"இதுக்கு எதுக்குடா சீமை? ஞாயித்துக்கெழம ஸ்டோருக்கு வா, நான் காட்டுறேன்" என்றேன் நான்.

நான் கேலிக்குத்தான் சொன்னேன். நீ அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ இடம் கேட்டு எழுதியிருந்த சீமைப் பேராசிரியர், இரும்பும் செங்கல்லும் எப்படி ஆறுகின்றன என்று நீயாக அளந்து எழுதி அனுப்பினால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாராம். கொழும்பு ஆய்வுகூடத்தில் அவ்வளவு பெரிய அடுப்பு ஏது? இங்கேதான் சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தூள் காய்ந்ததும் நெருப்பை அணைய விட்டுவிடுவோம், திங்கட்கிழமை விடியும்வரை அது தானாக ஆறும். இரவல் வாங்கிய கம்பி வெப்பமானிகளைச் சுமந்துகொண்டு நீ வந்து நின்றபோது, உன் முகத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளைக் களை இருந்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம்தான் தவணை. இந்த அளவு சரியாக வந்தால் சீமை, இல்லாவிட்டால் இல்லை.

முதல் சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. கதவு இரும்பில் ஒன்று, உள்ளே செங்கல்லில் ஒன்று என்று கம்பிகளைச் சொருகினாய். கொஞ்ச நேரம் அளந்துவிட்டு, சாப்பிட்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினோம். சனிக்கிழமை பின்னேரம் லயத்துப் பெண்கள் தகர டின்னோடு வந்து மிச்சத் தணலை அள்ளிப் போவார்கள் என்பது எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் விறகெல்லாம் ஊறிக் கிடக்கும். அந்தத் தணலில்தான் கம்பளி காயும், பிள்ளைகளின் துணி காயும், ஞாயிற்றுக்கிழமை சோறு பொங்கும். நம்மைத் தாய்மார்கள் வளர்த்ததே அந்தத் தணலில்தான். அவ்வளவு பழகிப்போனதாலோ என்னவோ, இருவர் மனதிலும் அது தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அடுப்பு கழுவி விட்டதுபோல் இருந்தது. தணல் எடுக்க வந்த கூட்டத்துக்கு உன் அம்மாதான் தலைமை. மகன் பெரிய ஆராய்ச்சி செய்கிற அடுப்பு இப்படி அசிங்கமாகவா கிடப்பது என்று, கடைசிப் பொறிவரை வாரி எடுத்து, சாம்பலைக் கூட்டி, ஈரச் சாக்கால் கதவை அழுத்தித் துடைத்துவிட்டார் அத்தை. நாம் நுழைந்தபோது ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னவென்று சொல்வது! வெப்பமானியைப் பார்த்தேன், முள் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய்.

"நல்லா பளபளன்னு இருக்கும்மா" என்றாய்.

அவர் போனபிறகு, அந்த நேரத்து அளவுக்குப் பக்கத்தில் 'அம்மா அடுப்பைச் சுத்தம் செய்தார்' என்று எழுதிவைத்தாய். இதையும் சீமைக்கு அனுப்பப் போகிறாயா என்றேன். நடந்ததை எழுதாமல் விட்டால் அது ஆராய்ச்சி இல்லை என்று எனக்கே பாடம் எடுத்தாய். ஆனால் இனி மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை என்பது உனக்கும் தெரியும்.

நான் உன்னைப்போல் நல்லவன் இல்லை. மறுநாளே அத்தையிடம் போய் நடந்ததைப் போட்டு உடைத்துவிட்டேன். அவர் அழவில்லை. எழுந்து, ஈரக் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயம் லயமாகப் போனார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை, மலையே தெரியாதபடி மழை கொட்டியது. நானும் நீயும் கதவோரம் உட்கார்ந்திருந்தோம். தணலுக்கு ஒருவரும் வரவில்லை. கைப்பிள்ளைக்காரிகூட வரவில்லை. லயத்துக் கூரைகளில் புகை இல்லாமல் நான் அதுவரை பார்த்த சனிக்கிழமை அது ஒன்றுதான். நீ வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி வெப்பமானிப் பக்கத்தில் குந்திக்கொண்டாய். அளவை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாய்.

ஞாயிறு மத்தியானம் என் கையை இழுத்துக் கதவில் வைத்தாய். தணல் கறுத்துப்போயிருந்தது. இரும்பு இன்னும் சூடாக இருந்தது. உள்ளே இருக்கும் சூடு எவ்வளவு வேகமாக வெளியே போக வேண்டும் என்பதை மேலே மூடியிருக்கும் சாம்பல்தான் முடிவு செய்கிறது, செத்த நட்சத்திரத்துக்கும் அப்படி ஒரு மெல்லிய கம்பளி உண்டு என்றாய். அந்தக் கம்பளி இருப்பதால்தான் அது முழுதாக ஆறி முடிக்க, உலகம் தோன்றிய நாளிலிருந்து இதுவரைக்குமான காலம்கூடப் போதாதாம். எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

சீமையிலிருந்து இடம் கிடைத்துவிட்டது. அத்தை கோயிலில் பொங்கல் வைத்தார். அந்தப் பொங்கலுக்கு நெருப்பு என் அடுப்பிலிருந்துதான் போனது. பிறகு நீ கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் போனாய். உன்னை வரவேற்க ஸ்டேஷனில் நின்றிருந்தேன். ரயிலிலிருந்து நீ இறங்கிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே பிறந்தாய், உன் அப்பாவும் இங்கேதான் பிறந்தார், ஆனாலும் நம்மை நாடற்றவர்களாக்கிய சட்டம் வந்து வருடக்கணக்காகிவிட்டதே. இந்தியாவைப் போய்க் கேள் என்றார்களாம். அங்கே கேட்டால், நீ இங்கே பிறந்தவன் என்றார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது அடித்திருப்பேன். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்:

"நச்சத்திரத்துக்கு பாஸ்போட்டு கேக்க மாட்டாங்க மச்சான். பாக்குறவனுக்குத்தான் கேப்பாங்க."

அந்தப் பேராசிரியர் ஒரு வருடம் காத்திருந்து பார்த்தார். பிறகு அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். நீ அட்டனில் வாத்தியாராகப் போனாய். நல்ல வாத்தியார் என்றார்கள். எனக்கென்னவோ உன்னைச் சட்டை மாறிப் போட்டிருப்பவன்போல்தான் தெரிந்தது. அதை உன்னிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை, நீயும் ஒருநாளும் புலம்பவில்லை. கடைசியாக நெஞ்சுச் சளியில் படுத்தபோதும், இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் நம்மைத் தலை எண்ணிப் பங்கு போடப் போவதாகப் பேப்பரில் வந்ததைப் படித்து, நீ எந்தப் பங்குடா என்று என்னைக் கேட்டுச் சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த மழைக்காலம் தாண்டவில்லை நீ.

உன்னை எடுத்துப்போன வாரம், சனிக்கிழமை வழக்கம்போல் நெருப்பை அணைய விட்டுவிட்டு, கிளறும் கம்பியோடு கதவோரம் காத்திருந்தேன். நல்ல மழை. பின்னேரம் ஆகியும் டின்னோடு ஒருத்தியும் வரவில்லை. வெளியே வந்து பார்த்தேன். லயத்துக் கூரைகளில் புகை இல்லை. அப்படி ஒரு சனிக்கிழமையை முன்பு ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன் என்று எழுதினேனே, இது இரண்டாவது. கொஞ்ச நேரத்தில் அத்தை மட்டும் நனைந்துகொண்டு வந்தார். கையில் டின் இல்லை.

"இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க தம்பி. நீ கதவ மூடிட்டுப் போ. அது தானா ஆறட்டும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோருக்குப் போனேன். எனக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். ஒருநாள் ஈரச் சாக்கால் துடைத்த அதே கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். நானும் பக்கத்தில் கை வைத்தேன்.

"அவன் பாத்த நச்சத்திரம் எம்புட்டு நாளைக்கு இப்புடி இருக்கும் தம்பி?"

உலகத்தின் வயது போதாதென்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை.

"அப்ப நான் இருக்குற வரைக்கும் தாங்கும்" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கை வைத்துப் பார்க்கிறேன், மச்சான். சூடு இருக்கிறது.