பத்து எம்.எம். ரிவெட்

காலைல பத்தரைக்கு ஒரு பார்சல் வந்துச்சு. உன் பேர்ல.

டெலிவரி ஆளு கேட்டுல நின்னுட்டு, "ஓடிபி சொல்லுங்க சார், மேடம் நம்பருக்கு வந்திருக்கும்"னாரு. உன் போன இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன். எதுக்குன்னு கேட்டா தெரியாது. மாடிக்கு ஓடிப் போயி பாத்துட்டு வந்து நம்பரச் சொன்னேன். அவரு தன்னோட போனப் பாத்து சிரிச்சாரு.

"மேடம் ஒரு நோட் போட்டிருக்காங்க சார். 'வீட்டுக்காரர்கிட்ட குடுங்க. அளந்து பாத்துட்டுதான் வாங்குவாரு, கொஞ்சம் பொறுமையா இருங்க'ன்னு. அளக்கறீங்களா சார்?"

வேணாம்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். நீ போயி இருபத்தாறு நாள் ஆச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

பெட்டில ரெண்டு பொருள். ஒண்ணு, நீ அடம்புடிச்சுக் கேட்ட ரிவெட் டூல். செடி வெட்டுற பெரிய கத்திரி மாதிரி ரெண்டு நீளக் கைப்பிடி. இன்னொண்ணு சின்ன பாக்கெட், ரிவெட்டு. பாக்கெட்டத் திருப்பி சைஸப் படிச்சேன். படிச்சிட்டு மொட்டமாடிப் படியிலயே உக்காந்துட்டேன்.

ஊரே காரு வாங்கும்போது நாம பழைய பாய்மரப் படகு வாங்குனோம். படகு ஊருக்கு வெளிய ஏரிக்கரைல நின்னுச்சு. பாய்மரத்த மட்டும் (பேருதான் மரம், உள்ள கூடா இருக்கற அலுமினியக் கொழாய்) ரிப்பேருக்காக டெம்போல ஆஸ்டின் டவுன் வீட்டுக்குக் கொண்டாந்து, கயிறு கட்டி மாடிக்கு ஏத்துனோம். எதிர்வீட்டு ஆன்ட்டி வெளிய வந்து, "எந்தக் கோயிலுக்கும்மா கொடிமரம்?"னு கேட்டாங்க. "எங்க கோயிலுக்குத்தான் ஆன்ட்டி. இன்னும் கட்டல"ன்ன. அவங்க நெஜம்னே நம்பி தலையாட்டுனாங்க.

மொத ரிப்பேரு என் கைவண்ணம். பாயோட அடில இருக்கற குறுக்குக் கொம்ப மரத்தோட சேத்துப் புடிக்கற ஸ்டீல் பிடிப்பு லூசாயிருந்துச்சு. எஸ்.பி. ரோட் ஹார்ட்வேர் கடைல ஒத்தக்கை ரிவெட் கன்னும் அலுமினிய ரிவெட்டும் வாங்கியாந்தேன். ஓட்டைல ரிவெட்ட விட்டு கன்ன அமுக்குனா, நடுவுல இருக்கற ஆணிய இழுக்கும். உள்பக்கம் வால் விரிஞ்சு புடிச்சிக்கும், ஆணி டக்குனு ஒடையும். உள்ள என்ன நடந்துச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது. சத்தத்த வெச்சு நம்பிக்க வேண்டியதுதான். மூணாவது ரிவெட்டுக்கு என் கைல வலு இல்ல. நீ உன் கைய என் கைமேல வெச்சு அமுக்குன. டக்.

மூணாவது வாரம் ஏரில காத்து ஒரு அடி அடிச்சுது. மூணு ரிவெட்டும் தலை பிச்சிக்கிட்டு, கொம்பு உன் மடில வந்து விழுந்துச்சு. உனக்கு சிரிப்பு நிக்கல. "இன்ஸ்பெக்டர் சார், இத பாஸ் பண்ணுனது யாரு சார்?" அடுத்தவங்க செஞ்சத அளந்து ரிஜக்ட் பண்றதுதான் எலெக்ட்ரானிக் சிட்டில என் பொழப்பு. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம். மறுபடி மரத்த மாடிக்கு ஏத்துனப்போ பிஞ்ச வால் மூணும் உள்ள உருண்டுச்சு. நீ காத வெச்சுக் கேட்டுட்டு, "கிலுகிலுப்ப வாங்கியாச்சு. கொழந்ததான் பாக்கி"ன்ன.

அப்பறம் ஒரு வாரம் நீ படிச்ச படிப்பு! அலுமினிய ரிவெட்டு பாரம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் தாங்கும், ஆனா கைல இழுக்கறது ரொம்பக் கஷ்டம், ஈரத்துல அலுமினிய மரத்தையும் அரிச்சிரும். மோனல்னு நிக்கலும் செம்பும் கலந்தது ஒண்ணு இருக்கு, மரத்துக்கு அதான் சரி, அதுக்கும் ஒத்தக்கை கன்னு பத்தாது, ரெண்டு கைப்பிடி டூலுதான் வேணும். எல்லாம் நீ சொன்னதுதான். நான் ஒத்துக்கிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மிச்சம் இருந்தது நீளம் மட்டும்.

வெர்னியர்ல அளந்தேன். பிடிப்பு ரெண்டு எம்.எம்., மரத்தோட சுவர் ரெண்டு. "மொத்தம் நாலு. வால் விரிய இன்னும் அஞ்சு. பத்து எம்.எம். ரிவெட் போதும்."

நீ தலைலருந்து ஹேர்பின்ன உருவி, முனைய வளைச்சு பழைய ஓட்டைல விட்டு இழுத்த. "உள்ள இன்னொரு தகடு இருக்குடா. மாட்டுது பாரு. பன்னெண்டு வேணும்."

"ஹேர்பின்லாம் ஒரு இன்ஸ்ட்ருமென்ட்டா? பி.காம். படிச்சவங்க போயி கணக்குப் பாருங்க."

வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். முடிக்கும்போது வெளையாட்டா இல்ல. நீ ஹேர்பின்ன என் வெர்னியர் பெட்டில வெச்சு மூடுன. "இதுவும் இருக்கட்டும் சார்"னு சொல்லிட்டுக் கீழ போயிட்ட. திங்கக்கெழம காலைல உன் ஆபீஸ் கேப் ஹாரன் அடிச்சுது. எப்பவும் படில நின்னு மூணு தடவ "வரேன்" சொல்லுவ. அன்னிக்கு சொல்லல.

மத்தியானம் மூணு மணிக்கு உன் ஆபீஸ்லருந்து போன். மீட்டிங்ல தல வலிக்குதுன்னாங்களாம், அப்படியே சாஞ்சுட்டாங்களாம். மூளைல ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எதுவும் ஒடையறதுக்கு முன்னாடி ஒரு கீறல் காட்டும்னு படிச்சவன் நான். முன்னாடி எதுவும் காட்டலையான்னு அவர்கிட்ட திருப்பித் திருப்பிக் கேட்டேன். முப்பத்தோரு வயசு.

இருபத்தாறு நாளா எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் கோவத்தோடவே போயிட்டியா?

பாக்கெட்ல பத்து எம்.எம்.னு போட்டிருக்கு.

உன் போன்ல ஆர்டரத் தேடி எடுத்தேன். அதே திங்கக்கெழம, காலைல பதினொண்ணு நாப்பத்திரெண்டு. வெர்னியர் பெட்டியத் தொறந்தேன். ஹேர்பின் அங்கதான் இருந்துச்சு. ஓட்டைல விட்டு இழுத்தேன். மாட்டுச்சு. மரத்தோட அடி வாய்லதான் நான் சுவர அளந்திருக்கேன், அங்க அந்த உள்தகடு இல்ல. ஹேர்பின்ல குறி வெச்சு அளந்தா மொத்தம் ஆறரை. அப்பவும் நம்பாம ஒரு ரிவெட்டப் போட்டு ரெண்டு கையாலயும் அமுக்குனேன். சத்தம் சுத்தமா வந்துச்சு. ரெண்டு ஆட்டு ஆட்டுனேன். கையோட வந்துருச்சு.

நீ சொன்னதுதான் சரி. ஆனா நான் சொன்னதத்தான் வாங்கியிருக்க. என் அளவ நம்புனியா, சண்ட போதும்னு விட்டியா, தெரியல. ஆனா யாரோ ஒரு டெலிவரி ஆளுகிட்ட என்னக் கிண்டல் பண்ற அளவுக்கு ஆறியிருக்க. மூணு மணி நேரம். என்மேல கோவம் இல்லாம மூணு மணி நேரம் இருந்திருக்க.

பன்னெண்டு எம்.எம். ஆர்டர் போட்டுட்டேன், உன் போன்லருந்தே. நீ எழுதுன அந்தக் குறிப்பு அப்படியே இருக்கு. அழிக்கல.

சாயந்திரம் உங்கப்பா வந்தாரு, முப்பதாம் நாள் பூசையப் பத்திப் பேச. மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஷீட்டுக்கு அடில மரத்தத் தள்ளிரலாம்னு ஆளுக்கொரு முனையத் தூக்குனோம்.

"உள்ள என்னமோ உருளுது மாப்ள."

"பழைய ரிவெட்டு மாமா. நாங்க ரெண்டு பேரும் போட்டது."

"அடி மூடியக் கழட்டிக் கவுத்தா வந்துரும்ல? எடுத்துரலாமா?"

"வரும் மாமா. வேணாம், இருக்கட்டும்."

மாமா அவரு பக்கத்து முனைய மெதுவா இன்னும் கொஞ்சம் ஒசத்துனாரு. மூணும் உருண்டு உருண்டு என் தோள்கிட்ட வந்து நின்னுச்சு.