மூன்று மெழுகுவத்திகள்

24-4-1961, திங்கள்

பயிற்சி தொடங்கிவிட்டது. கோடை விடுமுறையில் ஆறு வாரம், உயர்நிலைப்பள்ளி விஞ்ஞான ஆசிரியர்களுக்கு. நடத்தும் பொறுப்பு என் தலையில். புதுக்கோட்டை வெயிலில் முப்பத்திரண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பதினோரு பேர் இன்றுவரை ஒரு சோதனைக்குழாயைக் கையில் பிடித்ததில்லை. ஒவ்வொருவராகக் கேட்டு எண்ணினேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் விஞ்ஞானம் நடத்துகிறவர்கள்.

"பின்ன எப்படி நடத்துறீங்க?"

"போர்டுல படம் போட்டுத்தாம்மா" என்றார் குழந்தைசாமி. அன்னவாசல் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர், வயது ஐம்பது இருக்கும். "சாமானெல்லாம் கண்ணாடி பீரோவுல இருக்கு. சாவி ஹெட்மாஸ்டர்ட்ட. இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் தொறப்பாரு."

நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொண்டவனைக் குளத்தில் இறக்கிவிடுவார்களா? பிள்ளைகளுக்கு மட்டும் இது போதுமாம்.

27-4-1961, வியாழன்

இந்தக் கட்டடத்திலும் அதே பீரோ, அதே பூட்டு. சாவி வைத்திருக்கும் குமாஸ்தா லீவில் ஊருக்குப் போய்விட்டார். நான்கு நாளாக வெறும் பேச்சுத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அட்டெண்டர் சேவுகனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னேன்.

"நாளைக்கு என்னையல்லம்மா கேப்பாங்க."

'என் உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காகிதத்தை மடித்துப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரே போடு. உள்ளே பீக்கர்கள் வாங்கி வந்த வைக்கோலோடு அப்படியே இருந்தன.

3-5-1961, புதன்

இன்று காற்றின் கூறுகள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்ப்பது. வத்தி அணையும், ஜாடிக்குள் தண்ணீர் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. பதின்மூன்று வருடமாக நான் காட்டிவரும் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

சந்தனமேரி கை தூக்கினாள். குழந்தைசாமியின் பள்ளியிலேயே வேலை. சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமில்லை. சொந்த ஊர் மீமிசல். இருபத்தாறு வயது.

"டீச்சர், ஜாடியக் கவுக்கும்போது ஓரத்துல கொமிழி வருதே, அது என்னங்க?"

"சாய்த்துக் கவிழ்த்தா வரும். நேராக் கவிழ்க்கணும்."

"நேராத்தாங்க கவுத்தீங்க." குரலில் திமிர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "நான் வீட்டுல கண்ணாடி பாட்டில வச்சு செஞ்சு பாத்தேன் டீச்சர். ரெண்டு வத்தி வச்சா தண்ணி இன்னும் ஒசரமா ஏறுது. பாட்டிலு அதே பாட்டிலு. பிராணவாயு மட்டும் எப்படிங்க கூடும்?"

முப்பத்தோரு முகமும் என் பக்கம் திரும்பின.

"பாடத்திட்டத்துல ஒரு வத்திதான்" என்றேன்.

இது ஒரு பதிலா? எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து. அப்பாடா என்றிருந்தது.

9-5-1961, செவ்வாய்

தூக்கம் சரியில்லை, கோபம் தணியவில்லை. பாடத்தை நடத்தச் சொன்னால் கேள்வி கேட்டு நேரத்தைத் தின்கிறாள். இரண்டு வாரத்தில் கல்வி அதிகாரி ஏகாம்பரம் பார்வையிட வருகிறார். அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அடுத்த வருடமும் இந்தப் பயிற்சி இங்கே நடக்குமா என்று தெரியும், அதை நான் நடத்துவேனா என்பதும். ஒரு பொம்பளையிடம் கொடுத்தது தப்பு என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் நாலு பேரை எனக்கே தெரியும்.

கல்லூரியில் நாங்கள் மூன்று பெண்கள். ஆய்வுக்கூடத்தில் 'நீங்க தள்ளி நின்னு பாருங்க, போதும்' என்பார்கள். தள்ளி நின்று பார்த்தே பட்டம் வாங்கினேன். அதற்குப் பிறகு நானே பிடித்துக் கற்றதுதான் எல்லாம். இதெல்லாம் நேற்று வந்த பெண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

23-5-1961, செவ்வாய்



ஏகாம்பரம் வந்தார். மாதிரிப் பாடத்துக்கு இருபது பிள்ளைகளை விடுமுறையிலும் அழைத்து வைத்திருந்தோம். சீட்டுக் குலுக்கியதில் சந்தனமேரி பெயர் வந்தது. பாடம், காற்றின் கூறுகள். வேண்டாம், வேறொருவரை விடலாம் என்று வாய்வரை வந்தது. அதிகாரி எதிரில் எப்படிச் சொல்வது?

ஒரு வத்தி வைத்துச் செய்தாள். தண்ணீர் ஏறிய இடத்தில் ஜாடியின்மேல் காகிதம் ஒட்டினாள். பிறகு இரண்டு வத்தி. பிறகு மூன்று. மூன்று காகிதமும் ஒன்றுக்குமேல் ஒன்றாக நின்றன. "ஏன் இப்படி?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருத்தி சொன்னாள், "சூட்டுல காத்து வெளிய ஓடிருச்சு டீச்சர், கொமிழியாப் போச்சே." அந்தக் குழந்தையை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான்.

ஏகாம்பரம் பின்வரிசையிலிருந்து, "ஏம்மா, இந்த ஊருல பிராணவாயு மூணு மடங்கா?" என்றார்.

"அதத்தாங்க சார் நானும் கேக்குறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அமராவதி அம்மா, இதத்தான் இங்க சொல்லிக்குடுக்குறீங்களா?"

"நான் சொல்லிக்கொடுத்தது இது இல்லைங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

3-6-1961, சனி

பயிற்சி முடிந்தது. மதிப்பெண் பட்டியலும் போய்விட்டது. முப்பத்தோரு பேர் தேர்ச்சி. சந்தனமேரிக்கு முப்பத்தெட்டு, நாற்பது வேண்டும். குறிப்பில், 'பாடத்திட்டத்தைப் பின்பற்றும் ஒழுங்கு இல்லை' என்று எழுதினேன். சோதனைக்குழாயைப் பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்ட ஆட்களெல்லாம் தேர்ச்சி.

சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். பொன்னம்மாள் அக்காவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் புள்ள தப்பாச் செஞ்சுச்சா, இல்ல ஒன்ன எதுத்துச் செஞ்சுச்சா?"

"ரெண்டும் ஒன்னுதான்" என்றேன்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

5-6-1961, திங்கள்

அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் போனேன். அதை இங்கே மறைப்பானேன்.

சேவுகன் கூடத்தைத் திறந்துவிட்டார். "லீவுல எதுக்கும்மா?" என்றார். மெழுகுவத்தி வாங்கிவரச் சொன்னேன். ஒரு வத்தி, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் ஐந்து தடவை. காற்று பட்டுவிடப்போகிறது என்று ஜன்னலைச் சாத்தி, வேர்த்து ஊற்ற நின்று செய்தேன். ஐந்து தடவையும் அவள் சொன்னபடியே ஏறியது.

அதைவிட மோசம் ஒன்று கண்டேன். வத்தி எரியும்போது தண்ணீர் அநேகமாக ஏறவே இல்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது. பிராணவாயு தீர்வதுதான் காரணம் என்றால், எரிய எரியவல்லவா ஏறியிருக்க வேண்டும்? சூட்டில் விரிந்த காற்று குமிழியாக வெளியே போயிருக்கிறது. மிச்சம் ஆறிச் சுருங்கும்போது தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. அந்தக் குழந்தை சொன்னதேதான். ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு சரிதான், ஆனால் அதை இந்தச் சோதனை காட்டவில்லை. பதின்மூன்று வருடம். எத்தனை நூறு பிள்ளைகள். எத்தனை தடவை அந்தக் குமிழி என் கண்முன்னாலேயே வந்து போயிருக்கும்? நான் தண்ணீரையா பார்த்தேன்? புத்தகத்தையல்லவா பார்த்தேன்.

தள்ளி நின்னு பாருன்னு என்னச் சொன்னானுங்க. நான் அவகிட்ட என்ன சொன்னேன்? அதேதான. அதுக்கு மேலயும் செஞ்சிருக்கேன் — பாத்தவளப் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

8-6-1961, வியாழன்

ஏகாம்பரத்தின் அலுவலகத்துக்குப் போனேன். மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும், தவறு என்னுடையது என்றேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

"லிஸ்ட் மேல போயிருச்சும்மா. ஒரு மார்க்க மாத்துனா, மத்த முப்பத்தோரு பேருக்கும் போட்டது சரிதானான்னு கேப்பாங்க. உங்க பேருதான் கெடும்."

"கெடட்டுங்க."

"நான் நல்லதுக்குச் சொல்றேன்."

"அந்தப் பொண்ணும் நல்லதுக்குத்தாங்க சொல்லுச்சு. நாம ரெண்டு பேருமே கேக்கல."

அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து, சோதனை விவரத்தோடு மூன்று பக்கம் எழுதி மேலிடத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

14-6-1961, புதன்

குழந்தைசாமி வீடு தேடி வந்தார். வந்தவர் உட்காரவும் இல்லை. "மேரி டீச்சர நிறுத்திட்டாங்கம்மா. முப்பத்தோரு பேரு பாஸ், நீ மட்டும் ஏன் இல்லைன்னு மேனேஜர் கேட்டாரு. அந்த எடத்துக்கு அவுக சொந்தத்துல ஒரு பொண்ணு ரெடியா இருந்துச்சு."

நான் போட்ட மதிப்பெண்ணுக்காகவே அவர்கள் காத்திருந்ததுபோல.

17-6-1961, சனி

அன்னவாசல் பஸ்ஸில் போனேன். வாடகை அறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், செய்து பார்த்தேன், நீங்க சொன்னதுதான் சரி என்று.

"அது எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்."

தப்பு என்னுதுன்னு எழுதிப் போட்டிருக்கேன் என்றேன்.

"எழுதுங்க. ஆனா அன்னிக்கு அவரு கேட்டப்ப, 'எனக்கும் தெரியல, பாத்துச் சொல்றேன்'னு ஒரு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா நான் இந்தப் பெட்டியக் கட்டிருக்க மாட்டேன். எனக்கு மன்னிக்கத் தோணலைங்க. பொய் சொல்ல வேணாமில்ல." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "ஊருக்குப் போறேன். அங்கிட்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஃபாதர் எடம் பாத்துருக்காரு."

சரி என்று திரும்பினேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டாள்.

"தண்ணி எப்ப ஏறுச்சு? எரியும்போதா, அணைஞ்ச பெறகா?"

"அணைஞ்ச பெறகு."

"நானும் அப்படித்தான் குறிச்சு வச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

2-8-1961, புதன்

பூட்டை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. என் மூன்று பக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

16-10-1961, திங்கள்

மாற்றல். திருமயம் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளி. பயிற்சிப் பொறுப்பு போயிற்று, வெறும் உதவி ஆசிரியை. வழியனுப்ப வந்த ஒரே ஆள் சேவுகன். அந்தக் கையெழுத்துக் காகிதத்தைக் காட்டினாராம், அவரை விட்டுவிட்டார்களாம். அதுவரைக்கும் நல்லது.

அக்கா, "ஒனக்கு வருத்தமா?" என்றாள். வருத்தமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

29-1-1962, திங்கள்

ஐந்து நினைவூட்டல் எழுதினேன். இன்று பதில் வந்தது: சந்தனமேரி தேர்ச்சி பெற்றதாகத் திருத்தப்படுகிறது. காரணம், 'கூட்டலில் நேர்ந்த எழுத்துப் பிழை.'

கூட்டல் பிழையாம். ஒரு பெண்ணின் எட்டு மாதத்தை, எதிலும் பிழையில்லாமல் கூட்டத் தெரிந்தவர்கள் எழுதிய வாக்கியம். கிழித்துப் போட்டிருப்பேன், அவளுக்கு வேண்டுமே என்று வைத்திருக்கிறேன். நகலை மீமிசலுக்கு அனுப்பினேன். பதில் எதிர்பார்க்கவில்லை. வரவுமில்லை.

2-6-1962, சனி

இங்கே விஞ்ஞானத்துக்கு இன்னொரு இடம் காலி. தலைமையாசிரியை ஆவுடையாள் அம்மா, "யாராச்சும் தெரிஞ்சவுங்க இருக்காங்களா?" என்றார்.

"ஒருத்தி இருக்கா. என்னைவிட நல்லா நடத்துவா. என்னோட பேசமாட்டா."

"பிள்ளைகளோட பேசுவாளா?"

"பேசுவா."

"அப்ப எழுதிப் போடுங்க."

18-6-1962, திங்கள்

வந்துவிட்டாள். "வேலைக்காகத்தான் வந்தேன் டீச்சர்" என்றாள். ஒன்பதும் பத்தும் அவளுக்கு, ஆறும் ஏழும் எனக்கு. நான்தான் அப்படிப் பிரிக்கச் சொன்னேன். பீரோவுக்கு இங்கே பூட்டே கிடையாது.

11-8-1962, சனி

சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து விஞ்ஞான ஆசிரியர்கள் ஆறு பேர் வந்தார்கள். சனிக்கிழமை தோறும் வரச்சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். சான்றிதழ் கிடையாது, பயணப்படி கிடையாது, உத்தரவும் கிடையாது. இதற்கும் ஒரு மெமோ வரும், வரட்டும்.

சந்தனமேரி வரமாட்டாள் என்றிருந்தேன். பத்தரைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

13-10-1962, சனி

இன்று பதினான்கு பேர். ஊசல் பாடம். வீச்சைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஊசல் ஒரு முறை போய்வரும் நேரம் மாறாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாறும்" என்றாள் சந்தனமேரி.

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு மாறாது."

"ரொம்ப அகலமா வீசிவிட்டு இருவது தடவ எண்ணிப் பாருங்க, தெரியும்."

"அதுக்குள்ள வீச்சே கொறைஞ்சுருமே?"

"கொறையட்டும். அதுக்கு முன்னாடியே வித்தியாசம் வந்துரும்."

இருவரும் குரலை உயர்த்திவிட்டோம். பதினான்கு பேர் எதிரில். எனக்குக் கோபம், அவளுக்கும் கோபம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, கணக்குப் போட்டுக் காட்ட சுண்ணக்கட்டியை எடுத்தேன்.

அதற்குள், இன்றுதான் முதல்முறையாக வந்திருந்த பெரியண்ணன் என்கிற ஆசிரியர், எங்கள் இருவரையும் கேட்காமல் எழுந்தார். ஒரு கல்லில் நூலைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். கல்லைத் தோள் உயரத்துக்கு இழுத்து விட்டார்.

"ஒன்னு" என்றார்.

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். சந்தனமேரி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.